உப்பும் கறளும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரும்

பனி கரைந்து ஏப்ரல் பிறந்ததும் ரொறன்ரோ ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு கேள்வி கிளம்பும். ஏழெட்டாயிரம் டொலருக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, வருடம் முழுக்க அதிலேயே வேலைக்கும் போய் வரலாமா? கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். பதில் சொல்பவர்கள் தகப்பன்மாரும் மாமன்மாரும். அவர்களிடம் இருப்பது ஒரே பதில்: "வேண்டாம்."

அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. வாங்கலாம். ஆனால் காரைப் பார்க்கிற வரிசையை மாற்ற வேண்டும். பிள்ளைகள் முதலில் எஞ்சினைக் கேட்கிறார்கள், பிறகு பெயின்ற்றைப் பார்க்கிறார்கள், பிறகு விலை பேசுகிறார்கள். காப்புறுதிக்குப் போன் எடுப்பது காசு கொடுத்த பிறகு. குனிந்து அடித்தட்டைப் பார்ப்பவரை நான் கண்டது குறைவு. இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது அடித்தட்டு, அடுத்தது காப்புறுதி. எஞ்சின் அதற்குப் பிறகுதான்.

இங்கே கார் என்பது ஆசைக்கு வைத்திருக்கும் பொருள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கெனடி வீதியும் எல்ஸ்மியர் வீதியும் குறுக்கிடும் இந்தப் பகுதியின் கிழக்கு ஓரத்தில் 1985 முதல் ஸ்காபரோ ஆர்.டி. ரயில் ஓடியது. 2023 ஜூலை 24 அன்று எல்ஸ்மியர் நிலையத்துக்கு அருகே அதன் கடைசிப் பெட்டி தடம் புரண்டது. அந்த ஆண்டு நவம்பரில் மூடப்பட இருந்த பாதை அன்றோடு நின்றது. திரும்பத் திறக்கவே இல்லை. அதற்குப் பதிலாகக் கட்டப்படும் சுரங்க ரயில் 7.8 கிலோமீற்றர் நீளம். அதன் மூன்று நிலையங்களும் மக்கோவன் வீதியிலும் ஸ்காபரோ சென்ரரிலும் வருகின்றன. எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மார்க்கத்திலோ பிக்கரிங்கிலோ வெயர்ஹவுஸ் வேலை தொடங்குபவருக்கு கார்தான் கால். ஆகவே இங்கே 'தினசரிப் பாவனை' என்றால், ஜனவரியில் மைனஸ் இருபதில், இருட்டில், ஒரே தட்டில் ஸ்ராட் ஆக வேண்டும் என்று பொருள்.

பழைய காரைத் தினமும் ஓட்டுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதா? யாழ்ப்பாணத்தின் மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மொறிஸ் மைனரை இங்கிலாந்தில் 1948 முதல் எழுபதுகளின் தொடக்கம் வரைதான் செய்தார்கள். எழுபதுகளில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது புதுக் கார் என்பது எட்டாத பேச்சாயிற்று. இருந்ததை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். தொண்ணூறுகளில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியை ஏற்றியது அந்தக் கார், கல்யாணப் பொம்பிளையை ஏற்றியதும் அந்தக் கார். இன்று "பழைய கார் வேண்டாம்" என்று சொல்லும் மாமன்மாரில் சிலர் அன்று அந்தப் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றவர்கள்.

அந்தக் கார்கள் ஏன் நிலைத்தன? எளிய எஞ்சின், கையால் செய்யக்கூடிய பாகங்கள், அதைத் தெரிந்த மனிதர்கள். இந்த மூன்றும் ஸ்காபரோவிலும் கிடைக்கும். மிட்வெஸ்ட் வீதி, புரோகிரஸ் அவெனியூ, மிட்லண்ட் பக்கமாகப் போனால் கராஜுக்கு மேல் கராஜ். தமிழில் பேசி வேலை வாங்கலாம். ஊரில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. தெருவில் கொட்டுகிற உப்பு.

ஊரில், ஆனையிறவில் விளைந்த உப்பு சோற்றுக்குப் போனது. ஒன்ராறியோவின் கோடெரிச்சில், ஹூரன் ஏரிக்கு அடியில் ஏறக்குறைய 550 மீற்றர் ஆழத்தில் வெட்டுகிற உப்பின் பெரும்பகுதி வீதிக்குப் போகிறது. உலகத்திலேயே மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்த உப்பு கரைந்த நீர் ரயரிலிருந்து தெறித்து காரின் மடிப்புகளுக்குள் போய்த் தங்குகிறது. ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருப்பதும் இரும்பை வேகமாக அரிப்பதும் அதன் குணம். இதில் பலர் அறியாத ஒன்று: அடுக்குமாடியின் சூடான நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிற்கும் கார் வெளியே குளிரில் உறைந்து நிற்கும் காரைவிட வேகமாகக் கறள் பிடிக்கும். குளிரில் அரிப்பு மெதுவாக நடக்கும்; சூட்டில் உப்பு நீர் உருகி இரவு முழுக்க வேலை செய்யும். "நிலக்கீழ் பார்க்கிங்கில் வைத்த கார்" என்று விளம்பரத்தில் பெருமையாக எழுதியிருந்தால், நான் அதை இன்னும் கவனமாகப் பார்ப்பேன்.

போன வருடம் மார்ச்சில் என் மருமகன் ஒரு மஸ்டா எம்எக்ஸ்-5 பார்த்து வைத்திருந்தான். 2001ஆம் ஆண்டுக் கார், சிவப்பு, 148,000 கிலோமீற்றர். பெயின்ற் கண்ணாடி மாதிரி மின்னியது. விற்கிறவரிடம் கேட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்றில் ஏற்றினோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, சத்தத்தைக் கேளுங்கோ, ஒரு பிசிறு இல்லை."

மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்குறூட்றைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் கதவுக்குக் கீழே இருக்கும் நீள விளிம்பை முன்னாலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். டங், டங், டங் என்று வந்த சத்தம் பின் சில்லுக்கு ஒரு சாண் முன்னால் பொத்தென்று மாறியது. பொக்கற்றிலிருந்து சிறு காந்தம் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். ஒட்டவில்லை. உள்ளே இரும்பு இல்லை, பூச்சு மாவுதான். ஸ்குறூட்றைவரின் முனையால் கீழிருந்து மெதுவாக அழுத்தினார். அது பாதி வரை உள்ளே போனது. இழுத்தபோது பழுப்புத் தண்ணீரும் பிஸ்கற் போன்ற கறள் துண்டுகளும் அவருடைய கைமேல் கொட்டின.

"தம்பி, எஞ்சின் நல்லதுதான். எஞ்சினைக் கழட்டி வேற காருக்குப் போடலாம். இந்த உடம்பை என்ன செய்யிறது?"

இந்தக் கார் அந்த இடத்தில் உக்குவதற்குக் காரணம் உண்டு. துணிக் கூரையில் விழும் மழைநீர் பின்பக்கமாக இறங்கி, இரண்டு சிறு குழாய்கள் வழியே சில்லுக்கு முன்னால் வெளியே போக வேண்டும். இலையுதிர் காலத்து மேப்பிள் சருகு அந்தக் குழாயை அடைத்துவிட்டால் தண்ணீர் விளிம்புக்குள்ளேயே தேங்கும். வெளியிலிருந்து உப்பு, உள்ளிருந்து தேங்கிய நீர். வளையக்கூடிய ஒரு பிளாஸ்ரிக் குச்சியை வருடத்துக்கு இரண்டு தரம் குழாய்க்குள் விட்டு எடுத்திருந்தால் அந்தக் கார் பிழைத்திருக்கும். இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5இல் முன்பக்கச் சட்டமும் இப்படித்தான்: உள்ளே வைத்த வலுவூட்டும் தகடு ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ஒவ்வொரு மொடலுக்கும் இப்படி ஒரு பலவீனமான இடம் இருக்கிறது. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போய்ப் பார்ப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. லிஃப்றில் ஏற்ற விடமாட்டேன் என்கிற விற்பனையாளரோடு அதற்குமேல் பேசத் தேவையில்லை.

இனி காப்புறுதி. நண்பர்கள் இதை "வாங்கின பிறகு பார்ப்போம்" என்கிறார்கள். கனவுகள் பல கலைவது இந்த இடத்தில்தான். ஒன்ராறியோவில் காப்புறுதி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே குறைந்தது 5,000 டொலர் தண்டம். காப்புறுதியின் விலையைத் தீர்மானிப்பவற்றில் தபால் குறியீடும் ஒன்று. எங்கள் குறியீடு எம்1பி என்று தொடங்குகிறது. மாகாணத்திலேயே அதிகம் கட்டுகிற பகுதிகளில் ஸ்காபரோவும் ஒன்று. இங்கே குடியிருக்கும் ஒழுங்கான சாரதியும் அதற்குச் சேர்த்துக் கட்டுகிறார். இது நியாயம் என்று எனக்குப் படவில்லை. ஆனால் கணக்குப் போடும்போது அதைச் சேர்க்காமல் விட முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. கார் மலிவு என்பதால் காப்புறுதியும் மலிவாகாது. கனடாவில் கிளியர் என்ற முறையில் ஒவ்வொரு மொடலுக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அதே மொடலை ஓட்டுபவர்கள் எத்தனை இழப்பீடு கேட்டார்கள், எவ்வளவு செலவு வந்தது என்பதுதான் அதன் அடிப்படை. ஆகவே ஒரு மொடலை அவசரக்காரர்கள் அதிகம் வாங்கி அடிபட்டிருந்தால், அந்தச் செலவில் ஒரு பங்கு நிதானமாக ஓட்டுகிற உங்கள் தலையிலும் விழும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் விலை கேட்ட பிள்ளைகள் பலர் அங்கேயே திரும்பி வந்திருக்கிறார்கள். எம்எக்ஸ்-5 போன்ற சிறு காருக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருவதும் உண்டு. அதனால் காசு கொடுக்க முன், அந்தக் குறிப்பிட்ட காரின் விஐஎன் இலக்கத்தைச் சொல்லி மூன்று இடத்திலாவது விலை கேட்க வேண்டும். பழைய காருக்கு மோதல் காப்பு கட்டாயமில்லை. அதை விட்டால் மாதக் கட்டணம் இறங்கும். விட்டால், உங்கள் பிழையால் மோதி கார் நொறுங்குகிற அன்று கைக்கு ஒரு சதமும் வராது. எட்டாயிரத்தை இழந்தால் தாங்குமா என்று வீட்டில் இருந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை: காரை அப்பாவின் பெயரில் எழுதி, அவர்தான் ஓட்டுகிறார் என்று காப்புறுதிக்குச் சொல்லிவிட்டு, மகன் தினமும் ஓட்டுவது எங்கள் வீடுகளில் நடக்கிறது. விபத்து நடந்தால் நிறுவனம் முதலில் விசாரிப்பது இதைத்தான். இழப்பீடு மறுக்கப்பட்டால் அடமானம் கட்டுகிற வீட்டுக்கே ஆபத்து. முக்கிய சாரதி யார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அந்தத் தொகை தாங்காவிட்டால் அந்தக் கார் இப்போதைக்கு வேண்டாம்.

இந்த இரண்டு வாசலையும் தாண்டினால்தான் எந்தக் கார் என்ற கேள்வி வருகிறது. எனக்குப் பிடித்தது எம்எக்ஸ்-5தான். மியாட்டா என்றால் எல்லாருக்கும் தெரியும். 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் வெளிவந்தபோது அதற்கு 1.6 லீற்றர் எஞ்சின், 116 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. பழைய பிரித்தானிய இரட்டை இருக்கைக் கார்களின் சுகத்தை, எண்ணெய் ஒழுகாத ஜப்பானிய எஞ்சினோடு சேர்த்ததுதான் அதன் வெற்றி. 2016க்குள் பத்து லட்சம் கார்கள் செய்துவிட்டார்கள். ஆகையால் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. எல்ஸ்மியர் வீதியில் 50இல் போகும்போதே ஓட்டுகிற உணர்வு கையில் தெரியும். முந்நூறு குதிரைவலுக் காரில் அந்த உணர்வு வர வேண்டுமானால் சட்டத்தை மீற வேண்டும். வேக எல்லை 80க்குக் குறைந்த வீதியில் 40 கிலோமீற்றர் மிஞ்சினால் அது 'ஸ்ரண்ட்' ஓட்டம். அந்த இடத்திலேயே லைசென்ஸ் 30 நாள், கார் 14 நாள் பறிபோகும். கார் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பொலிஸ் பார்ப்பதில்லை.

எம்எக்ஸ்-5இன் குறையும் தெளிவானது. இரண்டே இருக்கை. கைக்குழந்தை உள்ள வீட்டில் அதுவே ஒற்றைக் காராக இருக்க முடியாது. முதல் தலைமுறையின் பிளாஸ்ரிக் பின்கண்ணாடியைக் கடுங்குளிரில் மடித்தால் வெடிக்கும். இரண்டாம் தலைமுறையில் சூடாக்கும் கம்பியோடு கண்ணாடியே வருகிறது. தினசரிப் பாவனைக்கு இரண்டாவதுதான் நல்லது.

பின்னால் இரண்டு பேரை ஏற்ற வேண்டுமென்றால் 2006 முதல் 2011 வரையான இரண்டு கதவு ஹொண்டா சிவிக் எஸ்ஐ. ரொறன்ரோவுக்கு வடமேற்கே உள்ள அலிஸ்ரனில் செய்த கார் அது. 197 குதிரைவலு, ஆறு கியர், எட்டாயிரம் சுற்று வரை ஏறும் எஞ்சின். மூன்றாம் கியர் கரகரக்கிறதா என்று வேகமாக மாற்றிப் பாருங்கள். பின் சில்லு வளைவில் பெயின்ற் கொப்பளித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதே எஞ்சினோடு, அதே அலிஸ்ரனில், கனடாவுக்கென்றே செய்த நாலு கதவு அக்குரா சிஎஸ்எக்ஸ் ரைப்-எஸ் ஒன்று உண்டு. அபூர்வம். கிடைத்தால் விடாதீர்கள், வீட்டில் அம்மாவையும் சமாதானப்படுத்தலாம்.

மஸ்டா ஆர்எக்ஸ்-8ஐப் பற்றி எச்சரிக்க வேண்டும். அழகான கார், மலிவாகவும் கிடைக்கும். அதன் சுழல் எஞ்சின் வடிவமைப்பிலேயே கொஞ்சம் எண்ணெயை எரிக்கும். அடிக்கடி அளவு பார்த்து ஊற்ற வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், குளிரில் ஸ்ராட் செய்து சூடாக முன்னரே நிறுத்தினால் எஞ்சினுக்குள் பெற்றோல் தேங்கி, மறுபடி ஸ்ராட் ஆகாது. எங்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மேலே ஒரு குடும்பம், பேஸ்மென்ரில் ஒரு குடும்பம், டிறைவ்வேயில் நாலு கார். ஒன்று வெளியே போக மற்றதை இருபது அடி பின்னால் எடுத்து மறுபடி உள்ளே விடுகிற அன்றாட வேலையே அந்த எஞ்சினுக்கு எமன்.

ஜெர்மன் கார்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. முதல் தலைமுறை போர்ஷ் பொக்ஸ்ரரில் எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு பெயரிங் உடைந்தால் எஞ்சினே போகும். பிஎம்டபிள்யூ இ46இல் குளிரூட்டும் பகுதியின் பிளாஸ்ரிக் பாகங்கள் வெடிப்பதும், பின் அச்சு பொருந்தும் தகடு கிழிவதும் தெரிந்த நோய்கள். வாங்குகிற காசுக்கு நிகராக இன்னொரு தொகை கையில் இருப்பவர்களுக்குத்தான் அவை. ஒஷாவாவில் 2009 முதல் 2015 வரை செய்த கமாரோ உள்ளூர்ப் பிள்ளை; ஆனால் கனம் அதிகம், வெளிப்பார்வை குறைவு. 2013ஆம் ஆண்டு மொடல் முதலான சயன் எஃப்ஆர்-எஸ், சுபாரு பிஆர்இஸட் இப்போது எட்டத் தொடங்கியிருக்கின்றன. முதல் வருடக் கார்களுக்கு எஞ்சின் வால்வு ஸ்பிரிங் திரும்ப அழைப்பு வந்தது. அது செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டும். இரண்டாயிரங்களின் ஜப்பானியக் கார் எதுவானாலும் தக்காட்டா காற்றுப்பை மாற்றியாயிற்றா என்பதும் அப்படியே.

ஜப்பானிலிருந்து 15 வருடம் கடந்த காரை நேரே இறக்கலாம். அமெரிக்காவில் அதற்கு 25 வருடம் காத்திருக்க வேண்டும். உப்புப் படாத அடித்தட்டு என்பது பெரிய கவர்ச்சி. வலப்பக்கம் இருந்து ஓட்டுவது ஊரில் பழகிய அப்பாமாருக்கு அந்நியமும் இல்லை. ஆனால் வலப்பக்க ஸ்ரியறிங் என்றதும் பல காப்புறுதி நிறுவனங்கள் பின்வாங்கும். 30 வருடம் கடந்த காருக்குக் கிடைக்கும் 'வரலாற்று' இலக்கத்தகடு அணிவகுப்புக்கும் கண்காட்சிக்கும்தான். வேலைக்குப் போக அல்ல.

கடதாசி விஷயங்கள் சுருக்கமானவை. தனியாரிடம் வாங்கினால், 20 டொலர் பெறுமதியான யுவிஐபி என்ற வாகனத் தகவல் பொதியைத் தர வேண்டியது விற்பவரின் கடமை. காரின் மேல் கடன் இருக்கிறதா என்பது அதில் தெரியும். உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரும் உங்கள் முன்னால் நிற்கும் ஆளின் பெயரும் வேறாக இருந்தால், அவர் தனியாள் வேடம் போட்ட வியாபாரியாக இருக்கலாம். வாகன வியாபாரிகளைக் கண்காணிக்கும் ஒம்விக்கின் பாதுகாப்பு அங்கே இல்லை. விற்பனை வரி 13 சதவீதம். எட்டாயிரம் டொலர்க் காருக்கு 1,040 டொலர். விலையைக் குறைத்து எழுதினாலும் மொத்த விற்பனைப் பெறுமதிக்குத்தான் வரி. 'சேஃப்ரி' சான்றிதழ் 36 நாளுக்குச் செல்லும். காருக்கு உத்தரவாதம் அது இல்லை. 2019 ஏப்ரலில் புகைச் சோதனை நின்றுபோனதால் எஞ்சின் விளக்கை யாரும் கேட்பதில்லை. எஞ்சினின் பிழைக் குறிகளைப் படிக்கும் ஓபிடி கருவியை நீங்களே செருகிப் பாருங்கள்.

மருமகன் அந்தச் சிவப்புக் காரை விட்டுவிட்டு இரண்டு மாதம் தேடினான். கடைசியில் பீற்றர்பறோவுக்கு அப்பால், ஓய்வுபெற்ற ஒருவரிடம் 2004ஆம் ஆண்டு மியாட்டா ஒன்று கிடைத்தது. 190,000 கிலோமீற்றர், மங்கிய வெள்ளிநிறம், இருக்கையில் ஒரு கிழிசல். விலையும் சிவப்புக் காரைவிட எழுநூறு டொலர் அதிகம். ஆனால் ஒவ்வொரு வருடமும் கறள் பிடிக்காமல் அடித்தட்டுக்கு எண்ணெய் அடித்த பற்றுச்சீட்டுகள் ஒரு கோப்பில் அடுக்கியிருந்தன. அதே மெக்கானிக் அதே ஸ்குறூட்றைவரால் இரண்டு பக்கமும் கடைசி வரை தட்டினார். டங் என்ற சத்தம் மாறவே இல்லை.

ஒக்ரோபர் கடைசியில் அவன் நாலு பனிக்கால ரயர் பூட்டி, கூரைக் குழாய்களைத் துப்புரவாக்கி, அடித்தட்டுக்கு எண்ணெய் அடித்துக்கொண்டு வந்தான். எண்ணெய் அடித்த கார் சில நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். "இந்த இரண்டு சீற்றுக் காரில ஆரை ஏத்திறது?" என்று சித்திரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை, மாம்பழப் பெட்டி ஒன்றைப் பிரித்து அட்டையை டிறைவ்வேயில் விரித்தாள். மறுநாள் விடிய நாலரை மணிக்கு அவன் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனதும், நனைந்த அட்டையை எடுத்துவிட்டு, அவன் திரும்பி வந்து விட இன்னொன்றைப் போட்டாள்.